அரிசி மூட்டை வந்த பிறகு

பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருக்கும் திருப்பூர் லைன் வீடு ஒன்றுக்கு, கணவரை இழந்து பதினான்கு மாதங்களாகியிருந்த ஒரு பெண்ணைப் பார்க்கச் சமூகப் பணியாளராகச் சென்றிருந்தேன். இறப்பு நடந்த வாரத்தில் ஐந்து அரிசி மூட்டைகள் வந்ததாகவும், அதன் பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்றும் அவர் சொன்னார். தேனிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். சொந்தபந்தம் அருகில் இல்லை. ஆதரவற்ற விதவைகளுக்கு அரசு மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியம் தருவது அவருக்குத் தெரிந்தே இருந்தது; இறப்புச் சான்றிதழ் கையில் இல்லாததால்தான் விண்ணப்பிக்கவில்லை.

கணவர் இறந்தது கோவையில், மருத்துவமனையில். இறப்பு எந்த ஊரில் நிகழ்ந்ததோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் அது பதிவாகும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. திருப்பூரில் இரண்டு முறை விசாரித்துவிட்டு, பதிவே ஆகவில்லை என்று விட்டுவிட்டார். உண்மையில் மருத்துவமனை உரிய காலத்தில் தகவல் அனுப்பியிருந்தது. (வீட்டில் நிகழும் இறப்பை 21 நாட்களுக்குள் குடும்பத்தாரே தெரிவிக்க வேண்டும், ஓராண்டு கடந்துவிட்டால் கோட்டாட்சியரின் உத்தரவு வரை போக நேரும்.) சான்றிதழைக் கண்டுபிடித்தபோது, பெயரில் ஓர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. அதைத் திருத்த இன்னொரு நடை.

அலுவலகங்கள் திறந்திருப்பது வார நாட்களில். செக்கிங் வேலைக்கு (தைத்த துணியில் குறை பார்க்கும் வேலை) போகிற பெண் ஒரு வார நாளை அங்கே கழித்தால், ஒரு ஷிப்ட் கூலி சனிக்கிழமைச் சம்பளத்தில் குறையும். அதே வாரம் குழுக் கடனுக்கும் தவணை கட்டியாக வேண்டும். ஆகவே, உதவ விரும்புகிறோம் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது பணத்தையன்று, வார நாட்களில் அவர்களுக்கு இருக்கும் ஓய்வை. இந்தக் குடும்பத்துக்காக நடந்தவர் ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர். படிவம் நிரப்பவும், வரிசையில் பொறுமையாக நிற்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. கோவைக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்குமாக நான்கு முறை போய் வந்தார். அந்தப் பெண் கையெழுத்துக்காக ஒரே ஒரு நாள் விடுப்பு எடுத்தார்.

அடுத்து பிள்ளைகளுக்கான உதவி. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயுடன் வாழும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு பெற வழியுண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாயையும், மற்ற இடங்களில் 96,000 ரூபாயையும் தாண்டக் கூடாது. மாதக் கணக்கில் பார்த்தால் நகரத்தில் 8,000 ரூபாய்தான். தொடர்ந்து ஷிப்ட் கிடைக்கும் ஒரு பனியன் தொழிலாளி இதை எளிதில் கடந்துவிடுவார். வருமானச் சான்றிதழைப் பார்க்கும் முன்பே ‘கட்டாயம் வாங்கித் தருகிறேன்’ என்று வாக்குக் கொடுத்த தன்னார்வலர்களால், பின்னர் அந்த வீட்டுப் பக்கமே போக முடியாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

படம் எடுக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல்லடம் அருகே பேரனை வளர்க்கும் பாட்டி ஒருவர், “அரிசி வேணும்தானுங்க, ஆனா போட்டோப் புடிச்சு குரூப்புல போட்டதுல இருந்து பையன் பள்ளிக்கூடம் போகமாட்டீங்குதுங்க” என்றார். பேனருக்கு முன்னால் பையை நீட்டிக் குழந்தையை நிறுத்துவது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், எனக்கு ஏற்புடையதன்று. குழந்தை தொடர்பான விசாரணை நடக்கும்போது அந்தக் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். குழந்தைக்கு அடியோ வேறு துன்பமோ நேர்வதாகச் சந்தேகம் வந்தால், தாமே துருவிக் கேட்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைப்பதே முறை.

அந்த எழுத்தர் இப்போது மூன்று குடும்பங்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோப்பு வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகள், அடுத்து போக வேண்டிய தேதி. புதிதாக வருகிறவர்களை அவரிடம்தான் அனுப்புகிறேன். மாதத்தில் எந்த வார நாள் தோதுப்படும் என்பதே அவர் கேட்கும் முதல் கேள்வி.