வாசல்வரை வந்தும் தடுப்பூசி கிடைக்காத குழந்தைகள்

தடுப்பூசி வேண்டாம் என்று மறுக்கும் பெற்றோரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். போடவேண்டும் என்று சுகாதார நிலையம்வரை தூக்கி வந்த குழந்தை, போடாமலே திரும்புவதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் இது அடிக்கடி நடக்கிறது. காரணம் பல நேரம் மருந்துக் குப்பியின் அளவுதான்.

சாம்பியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே இந்த ஊசி 9 மாதத்தில் ஒன்று, 18 மாதத்தில் ஒன்று. ஆப்பிரிக்காவின் பல நாடுகளைப் போலவே 10 டோஸ் குப்பிதான் வழக்கமாக இருந்துவந்தது. குப்பிக்குள் இருப்பது உலர்தூள். அதற்கென்றே வரும் 5 மில்லி கரைநீரையும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் குளிரவைத்து, தூளில் கலந்து, குழந்தைக்கு அரை மில்லி வீதம் எடுக்க வேண்டும். இதில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் கிடையாது. அதனால் கலந்து 6 மணி நேரம் ஆனாலும், அதற்கு முன்பே முகாம் முடிந்தாலும், மிச்சத்தை அப்புறப்படுத்தியே ஆகவேண்டும். 2017இல் தெற்கு சூடானின் கபோயிட்டா பகுதியில் நடந்த தட்டம்மை ஊசி முகாமில் ஒரே சிரிஞ்சை நான்கு நாட்கள் பயன்படுத்தினார்கள். மருந்தையும் குளிரில் வைக்கவில்லை. 15 குழந்தைகள் இறந்தார்கள். இந்த விதியில் துளியும் தளர்வு கூடாது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. காலையில் ஒரே ஒரு குழந்தை வருகிறது. குப்பியைத் திறந்தால் 9 டோஸ் வீண். அதைக் கணக்கில் எழுத வேண்டும், மேலதிகாரி கேட்பார், இருப்பும் குறைவு. "வியாழக்கிழமை வாங்கம்மா, நாலைந்து பேர் சேரட்டும்" என்று செவிலியர் அனுப்பிவிடுகிறார். வியாழனன்று அந்தத் தாய்க்குச் சோளக்காட்டில் களையெடுப்பு. பதிவேட்டில் 'வரவில்லை' என்று பழி தாய்மேல் விழுகிறது. இது பெரிய அநியாயம். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசிக்கு இந்தத் தயக்கம் வருவதில்லை. திரவ மருந்தான அதைத் திறந்த பிறகும், குளிர் கெடாமல் வைத்தால் 28 நாள்வரை பயன்படுத்தலாம்.

ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திற என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆனால் அறிவுரை மட்டும் போதாது, மருந்து கேட்கும்போதே வீணாவதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 40 சதவீதம் வீணாகும் என்றால், 100ஐ 60ஆல் வகுக்க 1.67. மாதம் 30 குழந்தைகள் என்றால், அதை 1.67ஆல் பெருக்க, தேவை 50 டோஸ். 3 குப்பி அல்ல, 5 குப்பி. இந்தப் பெருக்கலை விட்டுவிட்டால், துணிந்து திறக்கும் செவிலியரிடம் மாதக் கடைசியில் மருந்தே இருக்காது.

சாம்பியாவின் சில மாவட்டங்களில் 5 டோஸ் குப்பியைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசி பெற்ற குழந்தைகள் கூடினார்கள், வீணாவது வெகுவாகக் குறைந்தது. டோஸுக்கு விலை கொஞ்சம் அதிகம், குளிர்பெட்டியில் இடமும் கூடுதலாகப் பிடிக்கும். கொடுக்கத் தகுந்த விலை என்றே சொல்வேன்.

சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு என்று திருப்பி அனுப்புவதும் தவறு. இவை எதுவும் தடையல்ல. 9 மாதத்தில் தவறிய குழந்தை 14 மாதத்தில் வந்தாலும் அன்றைக்கே போட்டுவிட வேண்டும். அடுத்த டோஸுக்குக் குறைந்தது 4 வாரம் இடைவெளி விட்டு, தேதியை அட்டையில் எழுதி, தாயிடம் வாயாலும் சொல்லி அனுப்ப வேண்டும்.