கேமரா அனுப்பிய அபராதம்: முதலில் படத்தைப் பாருங்கள்

"நாற்பது வருஷமா வண்டி ஓட்டுறேன் சார், ஒரு தடவைகூட யாரும் என்னை நிறுத்தினதில்லை."

கேமரா அபராதம் வந்து என்னிடம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். சமீபத்தில் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அப்படியே ஆரம்பித்தார். கையில் மூன்று பக்க ஆட்சேபக் கடிதம். முத்து முத்தான கையெழுத்து. பணிக்காலம், வாங்கிய விருது, காரை எப்படிப் பராமரிக்கிறார் என்பது வரை எல்லாம் எழுதியிருந்தார். நோட்டீஸோடு வந்த இரண்டு படங்களைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

"படத்தைப் பார்த்தீங்களா?" என்றேன்.

"என் வண்டிதான். அதுல பார்க்க என்ன இருக்கு?"

நிறைய இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் சில வருடங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். கேமரா எடுத்த படங்களைத் திரையில் பார்த்து, நோட்டீஸ் போகலாமா வேண்டாமா என்று சொல்லும் வேலை. இப்போது இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆட்சேபம் எழுத உதவுகிறேன். அந்த வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் உங்களுக்கே பாதி வழி புரிந்துவிடும். திரையில் படம் வரும். கீழே கணினி படித்த நம்பர், வேகம், நேரம். நம்பர் ஒத்துப்போகிறதா, வண்டி தெரிகிறதா, சரி, அடுத்தது. ஒரு படத்துக்குச் சில நொடிகள்தான். காலையில் கண் படத்தைப் படிக்கும். மதியத்துக்கு மேல் கணினி சொன்னதையே கண்ணும் சொல்லும். அதனால் "மனிதர் ஒருவர் சரிபார்த்த பிறகே அனுப்பப்பட்டது" என்று நோட்டீஸில் இருந்தால் மலைத்துப் போகாதீர்கள். அந்த மனிதர் நான்தான்.

இன்னொன்றும் அங்கேதான் கற்றேன். ஆட்சேபக் கடிதம் வந்தால் அதைப் படிப்பவர் படத்தை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு படிப்பார். படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று கடிதம் சொன்னால் அங்கே பார்ப்பார். உங்கள் நற்குணத்தைப் பற்றிச் சொன்னால், பார்க்க அவருக்கு இடமே இல்லை. பழைய நோட்டீஸ்தான் நிற்கும்.

சரி, படத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் நம்பர். நம்பர் பிளேட்டைப் படிக்கும் மென்பொருளுக்குச் சில எழுத்துகள் எப்போதும் தகராறுதான். எட்டும் ஆங்கில பி-யும், பூஜ்யமும் ஓ-வும் டி-யும், ஐந்தும் எஸ்-ஸும், ஒன்றும் ஐ-யும். பிளேட்டில் அடித்த திருகு சரியாக எழுத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டால் சி-கூட ஜி ஆகிவிடும். சேறு, வளைந்த பிளேட், இரவில் பளீரென்று அடிக்கும் ஒளி, இவை எல்லாம் சேர்ந்துகொள்ளும். 2021-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் நடந்தது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை. பேருந்துகளுக்கு மட்டுமான தடத்தில் நடந்து போன ஒரு பெண்ணின் சட்டையில் 'நிட்டர்' (KNITTER) என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தோள்பையின் வார் நடு எழுத்துகளின் மேல் விழ, கேமரா அதை ஒரு வாகன எண்ணாகப் படித்தது. எங்கோ தொலைவில் இருந்த ஒரு வேன்காரருக்கு, பேருந்துத் தடத்தில் ஓட்டியதாக அபராதம் போனது. படத்தில் வேனே கிடையாது. யாராவது ஒருவர் படத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தால் அது வெளியே போயிருக்காது.

உங்கள் கதை இவ்வளவு வேடிக்கையாக இருக்காது. படத்தில் ஒரு கார் இருக்கும், அது உங்கள் கார் மாதிரியே இருக்கும். அதே மாடல், அதே நிறம் என்றால் உங்கள் நம்பரை யாரோ போலியாக மாட்டி ஓட்டுகிறார்கள் என்றும் இருக்கலாம். அப்போது செய்ய வேண்டியது: உங்கள் காரை நிறுத்தி, அபராதப் படம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதே கோணத்தில் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சக்கர டிசைன், கண்ணாடி ஸ்டிக்கர், பம்பரில் உள்ள நசுங்கல், பிளேட்டில் எழுத்துகளுக்கு இடையே உள்ள இடைவெளி என்று வித்தியாசங்களை வட்டமிடுங்கள். ஒரு வாடிக்கையாளருடைய வழக்கு, பின்கண்ணாடி வைப்பர் ஒன்றாலேயே தீர்ந்தது. படத்தில் இருந்த காரில் வைப்பர் இருந்தது, அவருடைய காரில் கிடையாது. போலி நம்பர் என்று தெரிந்தால் போலீஸில் புகார் கொடுத்து அதன் நகலையும் இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அடுத்த நோட்டீஸ் வரும்.

வண்டியை விற்றுவிட்டீர்கள், பெயர் மாற்றம் நடக்கவில்லை என்றால் அது கேமராவின் தவறு இல்லை. விற்ற தேதி உள்ள தாளைத் தேடுங்கள்.

அடுத்தது வேகம். இங்கேதான் ஆட்கள் பயந்துவிடுகிறார்கள். ரேடார் என்றாலே பொய் சொல்லாது என்று ஒரு நினைப்பு. ரேடார் பொய் சொல்லாதுதான். ஆனால் யாரைப் பற்றிச் சொல்கிறது என்பது வேறு கேள்வி. அது அனுப்பும் கதிர் விரிந்து போகும். அதற்குள் இரண்டு வண்டிகள் இருக்கலாம். பெரிய லாரியின் உடம்போ இரும்புப் பலகையோ அதை வேறு பக்கம் திருப்பிவிடலாம்.

கோணமும் முக்கியம். சாலையோரத்தில் சாய்வாக நின்று அளக்கும் ரேடார், வண்டி நேராக வந்தால் காட்டும் வேகத்தைவிடக் குறைவாகத்தான் பார்க்கும். 20 டிகிரி சாய்வு என்றால் உண்மை வேகத்தில் 94 சதவீதம். கருவி அதைக் கணக்கிட்டு மேலே ஏற்றிக்கொள்ளும். இப்போது கேமராவோ வண்டியோ சற்றுத் திரும்பி, உண்மையான கோணம் 10 டிகிரியாகிவிட்டால்? கருவி 20 என்று நினைத்தே ஏற்றும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போனவருக்கு ஏறக்குறைய 63 என்று வரும். வித்தியாசம் சின்னது, ஆனால் வரம்பை ஒட்டிப் போகிறவருக்கு அதுவே போதும். தடம் மாறும் நேரத்தில் எடுத்த படமாக இருந்தால் இதைக் கட்டாயம் எழுப்புங்கள்.

இரண்டு கேமராக்களுக்கு நடுவே சராசரி வேகம் பார்க்கும் முறையில் கோணம் பிரச்சினை இல்லை, கடிகாரம்தான் பிரச்சினை. 2 கிலோமீட்டரை 60-இல் கடக்க 120 நொடி. இரண்டு கடிகாரங்களுக்கும் 10 நொடி வித்தியாசம் இருந்தால் 110 நொடி ஆகிவிடும், வேகம் 65-ஐத் தாண்டும்.

கருவியே கெட்டுப்போவதும் உண்டு. 2003-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஒரு பழைய டாட்சன் 120ஒய் கார் மணிக்கு 158 கிலோமீட்டரில் போனதாக நோட்டீஸ் வந்தது. அந்தக் காரைச் சோதித்தபோது 117-க்கு மேல் ஓடவே இல்லை. அந்தச் சாலையின் கேமராக்கள் மீது விசாரணை வந்தது, அபராதங்கள் திருப்பித் தரப்பட்டன. அமெரிக்காவின் பால்டிமோரில் 2012-இல் இன்னும் மோசம். சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்த காருக்கே வேக அபராதம் போனது. கேமரா எடுத்த காணொளியிலேயே கார் அசையாமல் நிற்கிறது.

இப்போது ஆசிரியரின் படங்களுக்கு வருவோம். நோட்டீஸில் வேகம் 82, சாலையின் வரம்பு 60. இரண்டு படங்களுக்கும் இடையே சரியாக அரை நொடி, படத்தின் மேல்பட்டையிலேயே அச்சாகியிருந்தது. 82 கிலோமீட்டர் வேகம் என்றால் அரை நொடியில் 11.4 மீட்டர் போயிருக்க வேண்டும். அவருடைய கார் 3.8 மீட்டர் நீளம். தன் நீளத்தைப் போல மூன்று மடங்கு நகர்ந்திருக்க வேண்டும். படத்தில் பார்த்தால் இரண்டு மடங்குகூடத் தெரியவில்லை. ஆனால் கண்மதிப்பை எழுத முடியாது, தூரம் போகப் போகப் படத்தில் எல்லாம் சுருங்கும்.

உதவிக்கு வந்தது சாலையின் வெள்ளைக் கோடு. முதல் படத்தில் முன்சக்கரம் ஒரு விட்டுவிட்டுப் போட்ட கோட்டின் தொடக்கத்தை ஒட்டி இருந்தது. இரண்டாவதில் அடுத்த கோட்டின் தொடக்கத்தைத் தொட்டிருந்தது. ஒரு கோட்டின் தொடக்கத்திலிருந்து அடுத்ததின் தொடக்கம் வரை எவ்வளவு? அவர் ஞாயிறு அதிகாலையில் போய், நடைபாதையில் நின்றபடியே டேப் பிடித்து அளந்து வந்தார். ஏழரை மீட்டர். அரை நொடியில் ஏழரை மீட்டர் என்றால் நொடிக்கு 15, மணிக்கு 54 கிலோமீட்டர். (நடுச்சாலையில் இறங்கி அளக்காதீர்கள். அபராதத்தைவிட அது பெரிய செலவு.)

அப்போது 82 யாருடையது? படத்தின் ஓரத்தில், பக்கத்துத் தடத்தில் ஒரு வேனின் மூக்கு தெரிந்தது. இரண்டாவது படத்தில் அந்த வேன் முழுசாக முன்னால் வந்திருந்தது. மூன்று பக்கம் எழுதியவர் அந்த வேனைக் கவனிக்கவே இல்லை.

சிக்னல் அபராதம் இவ்வளவு சிக்கல் இல்லை. பொதுவாக இரண்டு படம் இருக்கும்: விளக்கு சிவப்பாக இருக்கும்போது வண்டி நிறுத்தக்கோட்டுக்குப் பின்னால், அப்புறம் கோட்டைத் தாண்டி. முதல் படத்திலேயே முன்சக்கரம் கோட்டைத் தாண்டியிருந்தால், மஞ்சளிலேயே நுழைந்துவிட்டீர்கள் என்று வாதிட இடம் உண்டு. படத்தில் தெரிவது உங்கள் தடத்துக்கான விளக்குதானா என்றும் பாருங்கள். ஆம்புலன்ஸுக்கு வழிவிடக் கோட்டைத் தாண்டியிருந்தால், முன்பின் சில நொடிக் காணொளியைக் கேளுங்கள்.

சீட் பெல்ட், கைபேசி அபராதங்களில் கறுப்புச் சட்டை மேல் கறுப்பு பெல்ட் தெரியாமல் போவதும், கன்னத்தில் கை வைத்தால் கைபேசியாகத் தெரிவதும் வாடிக்கை. நெதர்லாந்தில் தலையைச் சொறிந்த ஒருவருக்குக் கைபேசி அபராதம் வந்தது 2024 தொடக்கத்தில் உலகெங்கும் பேசப்பட்டது. நோட்டீஸோடு வரும் சின்னப் படத்தை நம்பாமல் மூலப் படத்தை முழு அளவில் கேட்டு வாங்குங்கள். விரல்களுக்கு நடுவே ஒன்றும் இல்லை என்பது அதில்தான் தெரியும்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நோட்டீஸ் உண்மையானதா என்று பாருங்கள். குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொடாதீர்கள், அதோடு வரும் செயலியை நிறுவவே நிறுவாதீர்கள். அதிகாரபூர்வ இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, வாகன எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் ஆட்சேபிக்கவும் ஒன்றும் இல்லை.

உண்மையானது என்றால், ஆட்சேபிக்கக் கடைசி நாள் எது என்று பார்த்துக் காலண்டரில் குறியுங்கள். "முதலில் கட்டிவிடலாம், பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்" என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் பணம் கட்டுவது தவறை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும், கோப்பு மூடப்படும். வண்டிக்குள் டாஷ்கேம் என்ற கேமரா மாட்டியிருந்தால், அன்றைக்கே அதன் பதிவை எடுத்துத் தனியாக வையுங்கள். அது தன் மேலேயே மறுபடி மறுபடி பதிவு செய்துகொள்ளும், சில நாளில் போய்விடும். அலுவலக வாசல் கேமராவும் அப்படித்தான். அந்த நேரத்தில் வண்டி வேறெங்கோ இருந்தது என்றால் பார்க்கிங் சீட்டு, சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டு, பெட்ரோல் பில் என்று நேரம் அச்சாகியிருக்கும் எதுவும் உதவும்.

கருவி சரியாக அளக்கிறது என்று சோதித்துத் தரும் காலிபரேஷன் சான்றிதழையும் கேளுங்கள். வந்ததும் இரண்டைப் பாருங்கள்: அதிலுள்ள கருவி எண்ணும் நோட்டீஸில் உள்ள கருவி எண்ணும் ஒன்றா, உங்கள் படம் எடுத்த தேதி சான்றிதழ் செல்லும் காலத்துக்குள் வருகிறதா. சான்றிதழ் கேட்டதுமே நோட்டீஸ் ரத்தாகிவிடும் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. பெரும்பாலும் சான்றிதழ் சரியாகவே இருக்கும்.

கடிதத்தில் ஒரு ஆபத்து உண்டு. "நான் வேகமாகப் போகவில்லை, அப்படியே போயிருந்தாலும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன்" என்று எழுதுவார்கள். அந்த இரண்டாவது பாதி போதும், படிப்பவர் முதல் பாதியை மறந்துவிடுவார். தவறு நடக்கவில்லை என்பதும், நடந்தது ஆனால் மன்னியுங்கள் என்பதும் ஒரே கடிதத்தில் இருக்கக் கூடாது. ஓட்டியது நீங்களாக இருக்கும்போது வேறு ஒருவர் பெயரைப் போடும் யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். சிறிய அபராதத்திலிருந்து தப்பிக்கப் போய்ப் பொய்த் தகவல் தந்த குற்றத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

இதையும் சொல்ல வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பலருடைய படம் அவர்களுக்கு எதிராகத்தான் பேசும். படத்தைச் சேர்ந்து பார்ப்போம், கோட்டை எண்ணுவோம், கணக்கு நோட்டீஸோடு ஒத்துப்போகும். "கட்டிடுங்க சார்" என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிடுவேன்.

முதல் ஆட்சேபம் ஒரே வரியில் நிராகரிக்கப்பட்டால் சோர்ந்துவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அடுத்த நிலைக்குப் போகக் கால அவகாசம் எத்தனை நாள் என்று பாருங்கள். படத்தின் மேல் வைத்த கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதே மேல்முறையீட்டில் உங்கள் முதல் வரி. எதை அனுப்பினாலும் ஒப்புகை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் புதுக் கடிதத்தை அரைப் பக்கத்தில் எழுதினார். நோட்டீஸ் எண், தேதி. "இரண்டு படங்களின் இடைவெளி 0.5 நொடி. அந்த நேரத்தில் என் கார் நகர்ந்த தூரம் 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. பக்கத்துத் தடத்தில் வேறொரு வாகனம் இருப்பதைப் படத்தில் வட்டமிட்டுள்ளேன். நோட்டீஸை ரத்து செய்யக் கோருகிறேன்." அளந்த டேப்பின் படமும் இணைப்பில்.

சில வாரம் கழித்து போன் செய்தார். ரத்தாகிவிட்டது. காரணம் சொல்லவில்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை, ஒரு வரிதான் என்று கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டார். அந்த ஒரு வரித் தாளை வண்டிக் கோப்பில் பத்திரமாக வைக்கச் சொன்னேன். ரத்தானது பதிவேட்டிலும் ஏறியிருக்கிறதா என்று ஒரு மாதம் கழித்துத் தளத்தில் பார்க்கவும் சொன்னேன்.

அந்த மூன்று பக்கக் கடிதத்தையும் அதே கோப்பில்தான் வைத்திருக்கிறாராம்.