சோகமா சந்தோஷமான்னு மட்டும் கேட்டு ட்ராக் எடுக்காதீங்க

கல்யாண வீடியோ, ஸ்கூல் ஆனுவல் டே, மில்லு கார்மெண்ட்ஸ்காரங்க எடுக்கற கம்பெனி படம், இதுக்கெல்லாம் பின்னாடி ஓட ஒரு லைட் ஆர்கெஸ்ட்ரா ட்ராக் வேணும்னு ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி பக்கமிருந்து வர்றவங்க எங்கிட்ட முதல்ல சொல்றது, "நல்லா ஃபீலா இருக்கோணுங்க" அப்படிங்கறதுதான். ஃபீல் வேணுங்கறது சரிதானுங்க, ஆனா ட்ராக் விக்கற இடத்துல ஹேப்பி, எமோஷனல்னு ஒட்டியிருக்கற பேரை மட்டும் நம்பி எடுத்துட்டு வந்துட்டு, அப்புறம் எடிட்டிங்ல அதோட வேகத்தையும் சுருதியையும் இழுத்து இழுத்து நல்ல வாசிப்பையே கெடுத்துடறாங்க, ஸ்டூடியோல இதைத் திரும்பத் திரும்பப் பாக்கறேன், மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

மைனர்னா சோகம், மேஜர்னா சந்தோஷம்ங்கற கணக்கை முதல்ல விட்ருங்க. மேஜர் ஸ்கேல்ங்கற ஸ்வர வரிசை நம்ம சங்கராபரண ராகம், ஹார்மோனிக் மைனர் நம்ம கீரவாணி ராகம். கீரவாணிய 130 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 130 தட்டு) வயலின் செக்‌ஷன் மொத்தமும் வெட்டி வெட்டி வாசிச்சா கால் தானா தாளம் போடும், அதே சங்கராபரணத்தை 60க்கு இறக்கி, அதாவது விநாடிக்கு ஒரு தட்டு, செல்லோவைத் தனியா கீழ் ஸ்தாயில நீட்டி வாசிக்க விட்டீங்கன்னா பொண்ணை அனுப்பற வீட்ல கண்ணு கலங்காம இருக்காது. வில்லை நீளமா இழுக்கறாங்களா, விரல்ல சுண்டறாங்களா, புல்லாங்குழல் மேல நிக்குதா கீழ வருதா, இதெல்லாம் சேர்ந்துதான் மூடு. ஸ்கேல் அதுல ஒரு பங்குதான்.

கொங்கு கல்யாணத்துல வர்ற இணைச்சீர் மாதிரி நிதானமா நடக்கற சடங்குக்கு 65, 70க்குள்ள இருக்கற ட்ராக் எடுங்க. மங்கல வாழ்த்து சொல்ற இடத்துல பின்னணியே வேண்டாம், அந்தக் குரல் மட்டும் கேக்கட்டும், இதுல நான் பிடிவாதம்தான்.

வேகத்தை ஆப் வெச்சுப் பாக்கறவங்க ஒண்ணு கவனிக்கணும், 70ல இருக்கற ட்ராக்கை ஆப் சில சமயம் 140ன்னு காட்டும், 140ஐ 70ன்னும் காட்டும், ரெண்டும் ஒரே தட்டைப் பாதியா எண்றதா ரெட்டிப்பா எண்றதாங்கற வித்தியாசம்தான். கண்ணை மூடிக் கேளுங்க, கால் எங்க தட்டுதோ அதுதான் உங்க வேகம்.

தையல் யூனிட்டுக்குள்ள நாள் பூரா ஓட மியூசிக் வேணும்னும் சிலர் கேக்கறாங்க. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பிபிசி இதையே பெருசா பண்ணுச்சு, ஃபேக்டரி தொழிலாளிகளுக்குன்னே 1940 ஜூன்ல ஒரு நிகழ்ச்சி ஆரம்பிச்சு 1967 வரைக்கும் ஓட்டுனாங்க. நிலையான வேகம், மெட்டு தெளிவா இருக்கணும், இதான் அவங்க பாத்தது. கைதட்டு வர்ற ஒரு பாட்டை நிறுத்தியே வெச்சாங்க, ஏன்னா கேக்கறவங்க கையில இருக்கற டூல்ஸால மிஷின் மேல தட்டிருவாங்கன்னு. ஊசி ஓடற இடத்துல நாமளும் அதைத்தான் யோசிக்கணும், சட்டுனு ஏறி சட்டுனு நிக்கற ட்ராக் அங்க கூடவே கூடாது.

சுருதி விஷயத்துலதான் ரொம்ப அடி வாங்கறோம். மாப்பிள்ளை அழைப்புக்கு ட்ராக்கோட சேர்த்து நாயனமும் லைவா வாசிக்கணும்னு இப்ப நிறைய கேக்கறாங்க. பாரி நாயனம், அதான் நீளமான நாதஸ்வரம், பெரும்பாலும் 2, இல்லன்னா 2½ கட்டை, அதாவது டி இல்ல டி ஷார்ப், நீங்க ஈ மேஜர்ல ட்ராக் கொண்டு வந்தா வித்வான் எவ்வளவு பெரியவரா இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அதோட ட்ராக் எல்லாம் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ்ங்கற கணக்குல இருக்கும், நாயனம் அதுக்குக் கொஞ்சம் மேலயோ கீழயோ இருக்கலாம், அதனால முந்தின வாரமே அவருக்குப் போன் போட்டு ஒரு ஸட்ஜம் வாசிச்சு ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொல்லுங்க. ட்ராக்கோட சுருதிய ஆப் சொல்றதையும் அப்படியே நம்பாதீங்க, சி மேஜருக்கும் ஏ மைனருக்கும் ஸ்வரம் ஏழும் ஒண்ணுதான், மெட்டு எந்த ஸ்வரத்துல வந்து உக்காருதுன்னு காதுதான் சொல்லணும்.

சும்மா ஸ்பீடு மட்டும் கூட்டுனா சுருதியும் சேர்ந்து ஏறும், 6 சதவீதம் கூட்டுனாலே அரைக் கட்டை ஏறி கீபோர்டுல பக்கத்துக் கட்டைக்குப் போயிரும். சுருதி மாறாம வேகத்தை மட்டும் மாத்த சாஃப்ட்வேர் இருக்கு, ஆனா ரொம்ப இழுத்தா வயலின் அசைவு நடுக்கம் மாதிரி ஆயிரும், பியானோ தட்டு மழுங்கிரும். அதுக்கு வேற ட்ராக்கே தேடிக்கலாம்.

எல்லாத்துலயும் எனக்குப் பொறுக்க முடியாதது கொழந்தைங்க விஷயம். போட்டிக்குன்னு ஒரிஜினல் கட்டைலயே கரோக்கி குடுத்து, மேல எட்டாத இடத்துல அந்தப் புள்ள கத்திக் கத்திப் பாடும், டீச்சரு சத்தமா பாடு கண்ணுன்னு சொல்வாங்க, ஒரு மாசம் ப்ராக்டிஸ் முடியறப்ப தொண்டை கட்டிக் கிடக்கும். 3 வாரத்துக்கு மேல அப்படியே இருந்தா கசாயம் வெச்சுக்கிட்டு இருக்காம இஎன்டி டாக்டர்ட்ட காட்டுங்க. அதுக்கு முன்னாடியே, கீபோர்டு பக்கத்துல புள்ளைய நிக்க வெச்சு கஷ்டப்படாம எட்டற மேல் ஸ்வரம் எது, கீழ் ஸ்வரம் எதுன்னு பாருங்க, பாட்டோட உச்சி அந்த மேல் ஸ்வரத்துக்கு ஒண்ணு ரெண்டு கட்டை கீழ நிக்கற மாதிரி ட்ராக்கை இறக்குங்க, எந்த ஸ்டூடியோல கேட்டாலும் அன்னைக்கே போட்டுக் குடுத்துருவாங்க.