பிளாஸ்மா பட்ட பிளாஸ்டிக்குக்கும் வயது உண்டு

அச்சிலிருந்து வெளிவந்த பாலிஸ்டைரீன் தட்டில் ஒரு சொட்டு நீர் விட்டால் பரவாது. ஏறக்குறைய 90 பாகைத் தொடுகோணத்தில் (சொட்டின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் கோணம்) திரண்டு நிற்கும். ஒட்டி வளரவேண்டிய செல்களும் அதில் சரியாகப் பிடிக்காது. மின்னிறக்கத்துக்கு உட்படுத்திய பிறகுதான் அது செல் வளர்ப்புத் தட்டாகிறது.

காற்றிலோ அழுத்தம் குறைத்த ஆக்ஸிஜனிலோ உயர் மின்னழுத்தம் பாயும்போது வாயு அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த பிளாஸ்மாவாகிறது. அது பிளாஸ்டிக்கின் மேல்தளப் பிணைப்புகளை உடைக்க, அங்கே ஹைட்ராக்சில், கார்பாக்சில் தொகுதிகள் வந்து சேர்கின்றன. அமோனியா வாயு என்றால் அமைன் தொகுதிகள். மாற்றமெல்லாம் சில நானோமீட்டர் ஆழத்தோடு சரி. உள்ளே பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது. வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் சீரத்திலுள்ள (இரத்தத்தின் தெளிநீர்) ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் புரதங்கள் இந்தப் பரப்பில் தக்க நிலையில் படிகின்றன. செல்கள் பற்றிக்கொள்வது அவற்றைத்தான்.

பலரும் கவனிக்கத் தவறுவது இதற்குப் பின் நடப்பதை. பாலிமர்ச் சங்கிலிகள் அசையக்கூடியவை. புதிய தொகுதிகள் மெல்ல உள்நோக்கித் திரும்ப, நீரை விலக்கும் குணம் மீண்டும் தலைகாட்டும். பி.டி.எம்.எஸ். என்ற ரப்பர் போன்ற சிலிக்கோனில் இது மிக வேகம்: உள்ளிருக்கும் குறுஞ்சங்கிலிகள் மேலேறி, சில மணி நேரத்திலேயே பரப்பை மூடத் தொடங்கிவிடும். அதைக் கண்ணாடியோடு ஒட்டுவதானால் பிளாஸ்மா பட்ட சில நிமிடங்களுக்குள் ஒட்டிவிட வேண்டும். உடனே பயன்படுத்த முடியாதபோது நீரில் மூழ்க வைத்தால் இந்த மீட்சி தாமதமாகும்; வெப்பம் அதை விரைவுபடுத்தும். ஆகவே ‘பிளாஸ்மா செய்தது’ என்ற குறிப்பு மட்டும் போதாது. எந்த வாயு, எவ்வளவு நேரம், எந்தத் தேதி, எப்படி வைக்கப்பட்டது என்று கேளுங்கள். தேதி எழுதாத மாதிரியை என் மேசையில் நான் ஏற்பதில்லை.

நேரத்தைக் கூட்டினால் பலன் கூடும் என்பதும் தவறு. அளவு மீறினால் சங்கிலிகள் துண்டாகி, நீரில் கரையும் சிதைபொருளாக மேலே தங்கும். தொடுகோணம் அருமையாக இறங்கியிருக்கும். ஆனால் ஊடகத்தை ஊற்றியதும் அந்தப் படலம் கழன்று செல்களோடு கலக்கும். அதனால் கழுவிய பிறகு ஒருமுறை கட்டாயம் அளவிடுங்கள்.

ஒட்டுவதற்காகச் செய்த பிளாஸ்மாவைக் கிருமிநீக்கமாகவும் எண்ணிவிடாதீர்கள். அதற்குத் தனிச் சரிபார்ப்பு வேண்டும். பாலிஸ்டைரீன் 100 பாகை செல்சியஸ் அருகே இளகிவிடுவதால் உயர் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவும் உதவாது.

திறந்த காற்றில் கொரோனா மின்னிறக்கக் கருவியை இயக்குவோர் காற்றை வெளியேற்றும் வசதியின்றி வேலை செய்யக் கூடாது. அங்கே உண்டாகும் ஓசோன் நுரையீரலைத் தாக்கும். அதன் வாடைக்கு மூக்கு சீக்கிரம் பழகிவிடும் என்பதால் வாடை இல்லை என்று நம்பி நிற்காதீர்கள்.