'அனைத்துப் பெண் பிள்ளைகளுக்கும்' என்று எழுதினால் மட்டும் வந்துவிடுவார்களா?

போன வருஷம் பங்குனி வாக்கில் ராமநாதபுரத்தில் என் அலுவலகத்துக்கு ஒரு தம்பதி வந்தார்கள், இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். இறந்துபோன மகள் பெயரில் பத்து லட்சம் போட்டு, கடற்கரையோரம் நடக்கும் பெண் பிள்ளைகளின் கோடை முகாமுக்கு வருஷா வருஷம் அதன் வட்டி போய்ச்சேர வழி செய்ய வேண்டும் என்றார்கள். மகள் அந்த முகாமில் இரண்டு கோடை விடுமுறை பாடம் நடத்தியவள். "எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் ஒண்ணா உக்காரணும்னு சொல்லிக்கிட்டே இருப்பா தம்பி" என்றார் டீச்சர். 'சாதி மத பேதமின்றி அனைத்துப் பெண் பிள்ளைகளுக்கும் கட்டணச் சலுகை' என்று அறக்கட்டளைப் பத்திரத்துக்கான வரியைத் தன் கையாலேயே எழுதிக் கொண்டுவந்திருந்தார் சார்.

ஆடிட்டர் வேலையில் இந்த வரியை எத்தனையோ பத்திரங்களில் பார்த்தாயிற்று. அதை நம்பி நடந்த முகாம்களின் வருகைப் பதிவேட்டையும் புரட்டியிருக்கிறேன். வந்ததெல்லாம் வாட்ஸப் குரூப்பில் அறிவிப்பைப் பார்த்த வீட்டுப் பிள்ளைகள், அப்பா பைக்கில் கொண்டுவந்து விடக்கூடிய டவுன் பிள்ளைகள். மற்றவர்களை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் வரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வரவில்லை என்பதற்குக் காலண்டரைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளிக்கு லீவு விடுகிற அதே நேரத்தில்தான் பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், அதை நம்பிய வீடுகளில் கையில் காசு இருக்காது. அம்மா கிடைத்த வேலைக்குப் போவார், மூத்த பெண்தான் சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு முகாம் கட்டணத்தை முழுக்கத் தள்ளுபடி செய்தாலும் இடுப்பில் இருக்கும் தம்பியை யாரிடம் விட்டுவிட்டு வருவாள்? சாயல்குடிப் பக்கம் பனையேறும் குடும்பங்களுக்கு அதே மாதங்கள் பதநீர் காலம், பிள்ளைகளும் தோப்பில் இருப்பார்கள். கீழக்கரையில் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்விகள் வேறு: யார் சமைக்கிறார்கள், சொல்லிக்கொடுப்பவர் ஆணா பெண்ணா, சாயங்காலம் எத்தனை மணிக்கு வீடு வருவாள். இவற்றில் ஒன்றுக்குக்கூடக் கட்டணச் சலுகை பதில் இல்லை.

மண்டபத்தில் இன்னொரு சங்கதி. அங்கே 'முகாம்' என்றால் இலங்கைத் தமிழர் இருக்கும் முகாம்தான். 2021இல் அதற்கு மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயர் மாற்றினாலும், பேச்சில் முகாம் முகாம்தான். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் "முகாமுக்கு வாம்மா" என்று நோட்டீஸ் நீட்டினால் அவள் என்ன நினைப்பாள்? பேசாமல் 'சம்மர் கேம்ப்' என்றே போடுங்கள் என்று சொன்னேன், தமிழாசிரியரான சாருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

சரி, அப்படியானால் இன்ன சமூகத்துப் பிள்ளைகளுக்கு என்றே எழுதிவிடலாமா என்று கேட்டார். இங்கேதான் நல்ல மனசுக்காரர்கள் பலர் வழுக்குகிறார்கள். ஒரு மதத்தாருக்கோ ஒரு சாதியாருக்கோ மட்டும் என்று பத்திரத்தில் இருந்தால் அறக்கட்டளையின் வருமான வரிவிலக்குக்கே ஆபத்து, நன்கொடை தருபவர்களுக்கு 80ஜி என்று நாம் பழகிய வருமான வரிச் சலுகையும் கிடைக்காது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் என்று எழுதினால் சட்டம் அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. என் வழக்கம், ஊரையும் தொழிலையும் சொல்லி எழுதுவது: கடல் தொழில், கடல் பாசி எடுக்கும் தொழில், பனைத் தொழில், உப்பளம், மறுவாழ்வு முகாம். எந்த ஊருக்கு எத்தனை இடம் என்பதை மட்டும் நிர்வாகிகள் வருஷா வருஷம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி.

வெளிநாட்டுப் பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறிவிட்டவர் தந்தால், அவர் நம் சித்தப்பாவே ஆனாலும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் பணம் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்று தொடங்கிய கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். உள்ளூர்க்காரர் ரொக்கமாகத் தந்தால் 2000 ரூபாய்க்கு மேல் 80ஜி கிடையாது. முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்க வேண்டுமானால், யாராயிருந்தாலும் தருகிறவர் 'மூலதன நிதிக்கு' என்று எழுத்தில் தர வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னால் அது சாதாரண நன்கொடை, அந்த வருஷத்து வருமானக் கணக்கில் போய்விடும்.

பத்து லட்சத்துக்கு 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 70,000. அவ்வளவையும் செலவழித்தால் பத்து வருஷம் கழித்து அதே 70,000க்கு வேன்கூட வராது. அதனால் 10,000ஐத் திரும்ப மூலதனத்திலேயே சேர்க்கும்படி எழுதினோம். மீதி 60,000 எதற்கு என்பதில்தான் மூன்று நாள் பேச்சு. 'கட்டணச் சலுகை'யை சார் தானே அடித்துவிட்டு, வேன் வாடகை, கூட வரும் ஒரு பெண்ணுக்குச் சம்பளம், மதியச் சாப்பாடு, நாப்கின், அப்புறம் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் ஆளும் என்று வரிசையாக எழுதினார். டீச்சர் ஒன்று சேர்த்தார்: இந்தப் பணத்தில் வரும் பிள்ளை யார் என்று முகாமில் ஒருவருக்கும் தெரியக் கூடாது, தனி பனியன் கூடாது, காசோலையோடு போட்டோ கூடாது. இலவசமாக வந்த பிள்ளைகளுக்கு மட்டும் வேறு கலர் பனியன் கொடுத்து வரிசையில் நிறுத்திய ஒரு முகாமை நானே பார்த்திருக்கிறேன். மறுநாள் அதில் பாதிப் பேர் வரவில்லை.

இந்த ஜூனில் முதல் வருஷக் கணக்கு என் மேசைக்கு வந்தது. நினைத்தபடி வேன் வாடகைதான் பெரிய தொகை. கீழே ஒரு வரி, 'தொட்டில் கயிறு, பழைய சேலை 2'. கயிற்றுக்கு ரசீது எங்கே என்று போனில் கேட்டேன். கடைக்காரர் தரவில்லையாம், வவுச்சரில் டீச்சர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். சேலைக்குத் தொகை எழுதவில்லை. அது மகளுடையதாம்.