சுமேரியர் வயலில் பூத்த உப்பு

‘இரண்டு பெரிய ஆறுகள் ஓடியும் சுமேரியர் நாடு ஏன் பொட்டலாகிக் கிடக்கிறது?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேற்றுக்கிரகவாசிகள் வந்து அவர்களுக்கு நாகரிகம் கற்றுக்கொடுத்தது உண்மையா என்றும் கேட்கிறார். இல்லை. வாய்க்கால் வெட்டிய மனிதர்களின் உழைப்பைப் பிடுங்கி வானத்தில் இருப்பவனுக்குக் கொடுக்கும் கதை அது. முதல் கேள்விக்கு வருவோம்.

பள்ளிப் பாடத்தில் படித்ததுதான்: யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகளுக்கு நடுவே, இன்றைய தெற்கு இராக்கில், கி.மு. 4000-க்குப் பிறகு உருக், ஊர் (Ur), லகாஷ் என்று சுமேரியர் நகரங்கள் வளர்ந்தன. களிமண் பலகையில் எழுத்து வந்தது. மணிக்கு 60 நிமிடம் என்ற நம் கணக்கின் வேரும் அங்கேதான். ஆனால் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத பூமி. வெள்ளமும் வசந்தத்தில், கதிர் முற்றும் நேரத்தில் வந்து தொலைக்கும். விதைக்கும் பருவத்தில் ஆறு வற்றிக் கிடக்கும். ஆகவே விவசாயம் முழுக்க வாய்க்காலை நம்பித்தான்.

அந்த வாய்க்கால் தண்ணீரில்தான் சூட்சுமம். ஆற்று நீர் எவ்வளவு நல்லதானாலும் அதில் கொஞ்சம் உப்பு கரைந்திருக்கும். லிட்டருக்கு 0.3 கிராம் என்று வைத்துக்கொள்வோம், நாக்குக்குத் தெரியாது. ஒரு ஹெக்டேர் வயலில் ஒரு போகத்துக்கு மொத்தம் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் 50 லட்சம் லிட்டர். அதோடு வந்து சேரும் உப்பு ஒன்றரை டன்! வெயில் தண்ணீரை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், உப்பைத் தொடாது. நூறு போகம் போனால் என்னவாகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

சரி, அந்த உப்பு கீழே இறங்கிவிடாதா? இறங்கும். தண்ணீர் விட விட நிலத்தடி நீர்மட்டம் மேலே வரும், அதுவும் உப்பு நீராகவே. எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் தானாக ஏறுகிறதல்லவா, அதே நுண்புழை ஏற்றம் மண்ணிலும் நடக்கிறது. துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரம் ஏறும். 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள துளையில் தண்ணீர் 15 சென்டிமீட்டர்தான் ஏறும், 0.01 மில்லிமீட்டர் என்றால் ஒன்றரை மீட்டர். மணலில் உப்பு கீழேயே கிடந்திருக்கும். சுமேரியருக்கு வாய்த்ததோ நைசான வண்டல்; எந்த வண்டலால் பயிர் கொழித்ததோ, அதுவே உப்பை மேலே இழுத்தது. நீர்மட்டம் ஒன்றிரண்டு மீட்டருக்குள் வந்துவிட்டால் போதும், அதற்கப்புறம் யாரும் தண்ணீர் பாய்ச்சாமலே வயல் தன்பாட்டுக்கு உப்பை உறிஞ்சும். மேலே வந்த நீர் ஆவியாகிப் போக, மண்மேல் வெள்ளை பூக்கும்.

வேருக்கு வெளியே உப்பு கூடினால், மண்ணின் நீரை வேருக்குள் இழுக்கும் சவ்வூடு பரவல் தலைகீழாகும். ஈர மண்ணில் நின்றே பயிர் தாகத்தில் வாடும். கோதுமை சீக்கிரம் தோற்கும், பார்லி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். களிமண் பலகைகளில் இந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் ஆய்வாளர்கள் தோர்கில்ட் ஜேக்கப்சனும் ராபர்ட் ஆடம்சும். 1958-இல் அவர்கள் எழுதிய கட்டுரைப்படி, கி.மு. 3500 வாக்கில் கோதுமையும் பார்லியும் ஏறக்குறைய சரிபாதி, ஆயிரம் ஆண்டு கழித்து கோதுமை ஆறில் ஒரு பங்கு, கி.மு. 1700-இல் தெற்கே கோதுமையே இல்லை. லகாஷும் பக்கத்து நகரமான உம்மாவும் வாய்க்கால் தகராறில் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டன. கடைசியில் லகாஷ் மன்னன் டைக்ரிஸிலிருந்தே பெரிய வாய்க்கால் கொண்டுவந்தான். தண்ணீர் தாராளமானதும் நீர்மட்டம் ஏறியது என்பது ஜேக்கப்சன், ஆடம்ஸ் இருவரின் வாதம்.

இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. உப்பால் விளைச்சல் படிப்படியாகச் சரிந்தது என்ற கணக்கை 1985-இல் மார்வின் பவல் என்ற ஆய்வாளர் கடுமையாக மறுத்தார். வேகத்தைப் பற்றிச் சண்டை போடலாம். உப்பு ஏறியதில் எனக்குச் சந்தேகமில்லை. ஊர் நகரத்து அரச கல்லறைத் தங்கத்துக்குக் கிடைக்கும் கூட்டமும் காசும் மண் பரிசோதனைக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

உப்பைச் சமாளிக்க அந்தப் பகுதி விவசாயிகள் கண்ட வழி, ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் நிலத்தைத் தரிசாகப் போடுவது. தரிசில் முளைக்கும் ஆழவேர் முட்செடிகள் அடிமண் ஈரத்தை உறிஞ்சி நீர்மட்டத்தை இறக்கிவிடும். மறுபடி பாய்ச்சும்போது உப்பு கீழே இறங்க இடம் கிடைக்கும். ஆனால் அடிமண் உப்பை ஒரேயடியாக வெளியேற்ற வடிகால் வேண்டும், வடிகாலுக்குச் சரிவு வேண்டும். பாக்தாதிலிருந்து கடல் வரை நிலம் கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர்தான் இறங்குகிறது. இராக் 565 கிலோமீட்டர் நீளப் பெரும் வடிகால் ஒன்றை 1992-இல்தான் வெட்டி முடித்தது. பழைய ஊர் நகரத்துக்குப் பக்கத்தில், நாசிரியா அருகே, அந்த உப்புத் தண்ணீர் யூப்ரடீசுக்கு அடியில் குழாய் வழியாகப் போகிறது. அங்கே அதைத் தள்ளிவிட பம்பு நிலையமும் கட்ட வேண்டியிருந்தது.