கல்விக் கண்காட்சியில் எதைக் கேட்பது?

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு மதுரையில் கல்விக் கண்காட்சிகள் களைகட்டிவிடும். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் ஸ்டாலில் பெரும்பாலும் கேட்பது இரண்டே கேள்விதான். ஃபீஸ் எவ்வளவு? பிளேஸ்மென்ட் இருக்கா? இரண்டாவதற்கு 'இல்லை' என்று எந்த ஸ்டாலில் சொல்லப் போகிறார்கள்?

'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' என்றால், எத்தனை பேரில் நூறு என்று கேட்க வேண்டும். வகுப்பில் 60 பேர் இருப்பார்கள். அரியர் வைத்தவர்கள், மேற்படிப்புக்குப் போகிறவர்கள், பெயர் கொடுக்காதவர்கள் எல்லோரையும் கழித்துவிட்டு மீதியுள்ள 30 பேரை மட்டும் 'தகுதியானவர்கள்' என்று வைத்துக் கணக்குக் காட்டுவது உண்டு. ஒரே மாணவர் வாங்கிய மூன்று ஆஃபரை மூன்று வேலையாக எண்ணுவதும் உண்டு. அதனால் இப்படிக் கேளுங்கள்: "சார், போன வருஷம் இசிஇ கடைசி வருஷத்துல மொத்தம் எத்தனை பேர்? அதுல எத்தனை பேர் கையில ஆஃபர் லெட்டர் இருந்துச்சு? சம்பளத்தை வரிசையா வச்சா நடுவுல இருக்குற பையனோட சம்பளம் என்ன?" பேனரில் போட்டிருக்கும் அதிகபட்ச சம்பளம் ஒரே ஒருவருடையதாகக்கூட இருக்கலாம்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் கிரேடு கல்லூரி முழுமைக்கும் உரியது. தொழில்நுட்பப் படிப்புகளை மதிப்பிடும் என்பிஏ (NBA) அமைப்பின் அங்கீகாரம் பாடப்பிரிவுவாரியாகத் தருவது, அதற்குக் காலாவதியும் உண்டு. மெக்கானிக்கலுக்கு வாங்கியதைக் காட்டி, நேற்றுத் தொடங்கிய ஏஐ பிரிவில் சேர்க்கப் பார்ப்பார்கள். "இந்தப் பிரிவுல முதல் பேட்ச் வெளிய வந்தாச்சா?" என்று கேட்டால் போதும். வரவில்லை என்றால் அந்தப் பிரிவுக்குப் பிளேஸ்மென்ட் கணக்கே இருக்க முடியாது.

இன்ஜினியரிங் என்றால், அரசு கவுன்சலிங்கில் அந்தக் கல்லூரிக்கு உள்ள கோட் நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு அது இருக்காது. முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடும் கவுன்சலிங் வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்த பிறகு "நான் முதல் பட்டதாரி" என்றால் யாரும் குறைக்க மாட்டார்கள்.

கட்டணத்தை ஒரு வருடத்துக்குச் சொல்வார்கள், நான்கு வருடத்துக்கும் எழுதி வாங்குங்கள். பஸ், ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம், பிளேஸ்மென்ட் டிரெயினிங், யூனிஃபார்ம் என்று தனித்தனியாக இருக்கட்டும். பஸ்ஸுக்கு உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லியே கேளுங்கள், ரூட்டுக்கு ரூட் தொகை மாறும்.

"இன்னைக்கே அஞ்சாயிரம் கட்டுனா சீட் உறுதி" என்று அவசரப்படுத்தினால், ரத்துசெய்தால் எவ்வளவு திரும்பும் என்று கேளுங்கள். வகுப்பு தொடங்கும் முன் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ (AICTE) அமைப்பின் விதி. ஒரிஜினல் டிசி, மார்க் ஷீட்டை ஸ்டாலில் கொடுக்கவே வேண்டாம், ஜெராக்ஸ் போதும். வேறு கல்லூரியில் இடம் கிடைக்கும் நேரத்தில் டிசி இவர்கள் பீரோவில் இருந்தால், அலைச்சல் உங்களுக்குத்தான்.

பேசுகிறவரிடம் எந்தப் பாடம் எடுக்கிறார் என்றும் கேட்டுவிடுங்கள். அட்மிஷனுக்கென்றே வைத்த ஆள் என்றால் லேப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. ஐடி கார்டு மாட்டி நோட்டீஸ் கொடுக்க நிற்கும் மூன்றாம் வருட மாணவர்தான் சரியான ஆள். சார் டீ குடிக்கப் போகும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்: ஒரு செமஸ்டரில் எத்தனை வாத்தியார் மாறினார்கள், லேப்பில் ஒரு சிஸ்டத்துக்கு எத்தனை பேர், ஹாஸ்டலில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்?